பாட்டுப் போடாத நேரம்

அன்புத் தங்கச்சிக்கு,

இன்று காலை மைக்கின் மேல் மாட்டும் பஞ்சு உறையைத் துவைக்கலாம் என்று கழற்றினேன். மூக்கருகே வந்ததும் கிராம்பு வாசனை. பேச உட்காருவதற்கு முன் ஒரு கிராம்பை வாயில் அடக்கிக்கொள்வாயே, அதுதான். நீ போய் மாதக்கணக்காகிறது, பஞ்சுக்கு அது தெரியவில்லை. வாளித் தண்ணீரை ஓரமாக நகர்த்திவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நம் வானொலியைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். அரியலூரில் ஒரு மாடி அறை, மொட்டைமாடியில் ஒரு கம்பம், பெரம்பலூர் சாலையில் கொஞ்ச தூரம் போனாலே கரகரப்பு. அந்த அறையில் கருவிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை, பேசுவது உன் வேலை. ஊர் நியாயம் பேச வருகிற எல்லாரிடமும் முதல் கேள்வியாக, "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்பாய். எனக்கு எரிச்சலாக வரும். குடிநீர்ப் பிரச்சினைக்கு வந்தவரிடம் இட்லிக் கதை எதற்கு என்று கேட்டால், "வயித்தப் பத்திப் பேசிட்டா வாய் தானா தொறந்துடும்ணே" என்பாய்.

திறக்கத்தான் செய்தது. எழுதிக்கொண்டு வந்த காகிதத்தைப் பார்த்து, குடிநீர் சீராக வழங்கப்படுகிறது என்று வாசித்த அந்த அதிகாரியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பழைய சோறு சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்ட மனிதரிடம், உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எப்போது வருகிறது சார் என்று சாதாரணமாகக் கேட்டாய். "எங்க வூட்டுக்கு லாரித் தண்ணிதாம்மா" என்று உளறிவிட்டார். நீ சிரிக்கவில்லை. அவருக்கும் கஷ்டம்தான் என்பதுபோல் பேச்சைக் கொண்டுபோனாய். அவரே தன் ஆட்கள் மேல் கோபப்பட்டு மறுநாள் பழுதாகிக் கிடந்த குடிநீர் மோட்டாரைச் சரிசெய்ய ஆளனுப்பினார். ஒருவரைத் தலைகுனிய வைக்காமல் வேலை வாங்குகிற வித்தையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

ஆனால் உன்னை நான் முழுதாகத் தெரிந்துகொண்டது சுண்ணாம்புக்கல் லாரிப் பேச்சு நடந்த அன்றுதான். கீழப்பழுவூருக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்தை ஒட்டிப் போகிற குறுகலான சாலை. சுரங்கத்திலிருந்து கல்லேற்றி வரும் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறக்கும். அந்த ஊர்ச் செல்வியின் மகள் பள்ளிக்குப் போகையில் ஒரு லாரி உரசித் தள்ளிக் கால் முறிந்திருந்தது. ஊரே மறியல் செய்து, வாக்குறுதி வாங்கி, மறுவாரமே லாரிகள் பழையபடி பறந்தன. கட்டு பிரித்ததும் பிள்ளை மறுபடி அதே சாலையைத்தான் கடக்க வேண்டும். பள்ளிக்கூடமே வேண்டாம் என்று வீட்டில் நிறுத்திவிடலாமா என்ற யோசனையோடுதான் செல்வி நம்மிடம் வந்தாள்.

நீ அவளை மட்டும் கூப்பிடவில்லை. பக்கத்து ஊரில் லாரி ஓட்டுகிற முருகேசனையும் தேடிப் பிடித்துக் கூட்டிவந்து, இருவரையும் ஒரே மைக்கின் முன்னால் உட்கார வைத்தாய். வேண்டாம், நேரலையில் அடிதடி ஆகிவிடும் என்று தலையில் அடித்துக்கொண்டேன். செல்வி குமுறித் தீர்த்தாள். முருகேசன் தலை நிமிரவில்லை. அப்போதுதான் கேட்டாய், பள்ளிக்கூடத்துக்கிட்ட மெதுவாகப் போக உங்களுக்கு என்ன தடை அண்ணே என்று.

அவர் வாயே திறக்கவில்லை. சத்தம் நின்றால் கேட்கிறவர் வேறு நிலையத்துக்குப் போய்விடுவார்; அந்த இடைவெளியில் பாட்டைப் போடு என்றுதான் எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். என் விரல் பொத்தானுக்குப் போனது. நீ அவரைப் பார்த்தபடியே என் கையின் மேல் உன் கையை வைத்து அழுத்தினாய். மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் ஊரெல்லாம் ஒலிபரப்பானது.

"நடைக்குத்தாங்க கூலி," என்றார் கடைசியில். "நின்னா நடை கொறஞ்சிடும். எம்புள்ளையும் அங்கதான் படிக்கிது. தெனம் அந்த எடத்தத் தாண்டையில சாமிய நெனச்சுக்குவேன்."

செல்வியின் முகம் மாறியதைப் பார்த்தேன். பிள்ளைகள் போகிற நேரத்துக்கு மட்டுமாவது நில்லுங்கள் அண்ணே, உங்களைப் பார்த்து நாலு பேர் நிற்பார்கள் என்றாள், இப்போது கோபமில்லாமல். அதற்கு முருகேசன் சொன்னார்:

"நாலு பேரு நிக்க வேணாம்மா. நான் ஒருத்தன் நின்னாப் போதும். அந்த ரோட்டுல என்னத் தாண்டிக்கிட்டு எவன் போவ முடியும்?"

மறுநாள் காலை பிள்ளைகள் போகிற நேரத்தில் அவர் லாரியை நிறுத்தினார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தே காதைக் கிழித்தார்களாம். வசவும் வாங்கினார். நீ விடவில்லை. திட்டிய ஓட்டுநர்களையும் ஒவ்வொருவராக அழைத்து, சாப்பாட்டில் ஆரம்பித்து, அவர்கள் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடம் என்பதில் முடித்தாய். பிறகு அது வழக்கமாகவே ஆகிவிட்டது. அப்புறம் வந்து, பள்ளி நேரத்தில் லாரிகள் நிற்க வேண்டும் என்று அறிவிப்புப் பலகை நட்ட அதிகாரிகள், ஏதோ தாங்களே சாதித்த மாதிரி அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நான் பொருமினேன். நீ கிராம்பை மென்றுகொண்டு, பலகை வந்ததே அண்ணே என்றாய்.

நெஞ்சுவலி என்று திருச்சிக்குப் போனவள் திரும்பவில்லை. உனக்கான அஞ்சலி நிகழ்ச்சியை நான்தான் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அத்தனை வருஷம் பொத்தான்களோடு மட்டுமே இருந்தவன் முதல்முறையாக மைக்கின் முன்னால் உட்கார்ந்தேன். காலை நேரம், நேரலை. முதல் தொலைபேசி அழைப்பு செல்வியுடையது. வணக்கம் என்றாள், அதோடு சரி. அழுகிறாளா, இணைப்பு போய்விட்டதா, ஒன்றும் புரியவில்லை.

என் விரல் பழையபடி பொத்தானுக்குப் போனது. கையின் மேல் எதுவும் இல்லை, ஆனாலும் நிறுத்திக்கொண்டேன். காத்திருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக மறுமுனையில் ஏதோ உறுமுவது கேட்டது. லாரிகள். ஓடுகிற சத்தமில்லை, நின்ற இடத்தில் என்ஜின் உறுமுகிற சத்தம். அதற்கு நடுவே பிள்ளைகளின் கூச்சலும் சைக்கிள் மணியும். செல்வி போனைச் சாலைப் பக்கம் நீட்டிப் பிடித்திருக்கிறாள்.

"கேக்குதாண்ணே?" என்றாள். "நின்னுக்கிட்டிருக்கு. எம்மவ போறா."

அன்று நான் எழுதிவைத்திருந்த அஞ்சலி உரையை வாசிக்கவில்லை. அதற்கு மேல் உன்னைப் பற்றி நான் என்ன சொல்லிவிட முடியும்?

இப்போதெல்லாம் பேசுவதும் நான்தான். உன் அளவுக்கு வரவில்லை, அவசரப்பட்டு நடுவில் புகுந்துவிடுகிறேன். ஆனால் எதிரில் இருப்பவர் வாயடைத்து நிற்கும்போது கையை மடியில் வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டேன். பஞ்சு உறையைத் துவைக்கவில்லை, தூசியை மட்டும் தட்டி மறுபடி மாட்டிவிட்டேன். நாளைக் காலை பேருந்து நிற்காமல் போவதைப் பற்றிப் பேச ஒரு கண்டக்டர் வருகிறார். என்ன சாப்பிட்டீர்கள் என்றுதான் முதலில் கேட்கப்போகிறேன்.

உன் அண்ணன்