பதினொன்று என்றதும் வந்த பச்சைச் சேலை

என் தங்கமே, அம்மா,

பெரம்பலூரில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. பெரிய மாமா நன்றாக இருக்கிறார், வாயும் குறையவில்லை. முதலில் உன் அண்ணனைப் பற்றிச் சொன்னால்தான் மற்றதை நீ கேட்பாய். நாளைக் காலை லேபில் ரத்தம் எடுக்க நான் கையை நீட்ட வேண்டும். பயமாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் லேப் படிப்பைப் பாதியில் விட்டு வந்தபோது நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உனக்கு ஈரலில் புற்று என்று தெரிந்ததும் அந்த அரைகுறைப் படிப்புதான் உதவிக்கு வந்தது. ரிப்போர்ட்டில் வெள்ளணுக் கணக்கைப் பார்ப்பேன். அதில் நியூட்ரோஃபில் என்ற வகை எவ்வளவோ அதை லிம்ஃபோசைட் என்ற வகையால் வகுப்பேன். உடம்புக்குள் அழற்சி கூடினால் அந்த எண் ஏறும், ஈரல் புற்று வந்தவர்களுக்கு அது ஏறுவது நல்லதில்லை என்று போனில் படித்திருந்தேன். நீயோ கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி கேட்பாய்.

"இன்னிக்கி எவ்ளோடி?"

"ரெண்டரைம்மா."

"பரவால்ல, சோறு போடு."

ஒருநாள் பதினொன்று வந்தது. மூன்று முறை வகுத்துப் பார்த்தேன். உன்னிடம் "மூணு" என்று புளுகிவிட்டு உன் பிறந்த வீட்டுக்கு, ஆண்டிமடத்துக்குப் போன் போட்டேன். "மாமா, அம்மா தாங்காது. பாக்கணும்னா இப்பவே வாங்க."

மறுநாள் முதல் பஸ்ஸில் மாமாவும் சித்தியும் வந்து இறங்கினார்கள். நீ கட்டிலில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாய். முந்திரிப் பருப்பு இருக்கும் என்று மாமாவின் பையைத் திறந்தாய். உள்ளே ஒரு பச்சைச் சேலை. செத்துப்போனவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்து போர்த்துகிற கோடிச் சேலை.

"ஏண்ணே, ஜாக்கெட்டுத் துணி எங்க?" என்றாய்.

முதலில் சிரித்தது சித்திதான். மாமா அழுதுகொண்டே சிரித்தார். "ஒம் மவ போன்ல அப்படிச் சொன்னா, நான் என்னாத்தப் பண்ணுவேன்!"

நீ என் பக்கம் திரும்பினாய். "ஏண்டி, மூணு நாளா கால்ல முள்ளு குத்திச் சீழ் வச்சுக் கெடக்கு. அத ஒருவாட்டி கேட்டியா நீ?"

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்தப் பச்சைச் சேலையைத்தான் கட்டிக்கொண்டு வந்தாய். டாக்டரம்மா உன் காலைப் பார்த்தார், பிறகு என்னை. "சீழ் வச்சாலும் இந்த நம்பர் ஏறும்மா. இது ஒண்ண வச்சு யாருக்கும் நாள் குறிக்க முடியாது. கட்டி, ஈரல் எல்லாத்தையும் சேத்துத்தான் பாக்கணும்." அப்படியே இன்னொன்றும் சொன்னார். "ஹெபடைட்டிஸ் பி கிருமிலதான் இவங்களுக்கு ஆரம்பிச்சுது. கூடப் பொறந்தவங்க, புள்ளைங்க எல்லாரும் டெஸ்ட் எடுங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

"எழவுக்குன்னு எல்லாரும் வந்திருக்காங்க. இப்பவே குத்திடுங்க டாக்டர்" என்றாய்.

"ஊசின்னா எனக்கு மயக்கம் வரும் பாப்பா" என்றார் மாமா.

"எனக்குக் கோடி எடுக்கறப்ப வரலியா? நீட்டுண்ணே கைய!"

மாமாவுக்குக் கிருமி இருந்தது. இப்போது தினமும் மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். போன வாரம் எடுத்ததில் ஈரல் சுத்தம். தினமும் போன் செய்து, "மாத்திர போட்டுட்டேன், ஒங்கம்மாகிட்டச் சொல்லிடு" என்கிறார். சொல்லிவிட்டேன்.

சீழை எடுத்ததும் உன் எண் மூன்றுக்கு இறங்கியது. ஒரு முழு முந்திரிப் பருவம் இருந்தாய். பிறகு மறுபடி ஏறியது. அந்தத் தடவை முதலில் உன் காலைத்தான் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. "எவ்ளோடி?" என்றாய். நான் ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்தேன். "சரி, சோறு போடு" என்றாய். அதோடு போகப்போகிறாய் என்று தெரிந்துதான் சொன்னாயா?

மாமா கையை நீட்டிய அன்று லேபில் நான் மட்டும் டீ வாங்கப் போகிறேன் என்று நழுவினேன். லேப் படிக்கிறப்பவே எனக்குத் தடுப்பூசி போட்டாச்சு என்று அப்புறம் உன்னிடம் சொன்னதும் புளுகுதான். ஊர் ரத்தத்தையெல்லாம் வகுத்தவளுக்குத் தன் ரத்தம் என்றால் பயம். உன் மூக்கு எனக்கு வந்திருக்கிறது, வாய் வந்திருக்கிறது. அந்தக் கிருமியும் வந்திருக்குமா?

நாளை மாமா கூட வருகிறார், நான் ஓடாமல் பார்த்துக்கொள்ள. அந்தப் பச்சைச் சேலைக்கு ஜாக்கெட் தைத்துவிட்டேன். அதைக் கட்டிக்கொண்டு போய் உட்காருவேன், டீ வாங்கப் போகமாட்டேன். என்ன வந்தாலும் நானாக வகுத்துப் பார்க்காமல் டாக்டரம்மாவிடமே கேட்பேன். உன்னிடம் புளுகாமல் சொல்வேன். சத்தியம்.

உன் வாயைக் கொண்டு பிறந்த,
உன் மூத்தவள்