அட்டவணையில் இல்லாத இடப்பக்கம்

அன்பு மகளே,

இங்கே நாங்கள் சுகம். கறாராகக் கணக்குப் பார்த்தால் ஒன்றே முக்கால் பேர் சுகம், உன் அப்பாவின் கணுக்கால் மட்டும் இன்னும் வீங்கித்தான் கிடக்கிறது. பயப்படாதே, எலும்புக்கு ஒன்றுமில்லை, சுளுக்குதான். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், புது வீட்டுச் சுவரில் ஈரம் காய்ந்ததா என்று எழுது.

அப்பாவுக்கு முழங்கால் வலி, அம்மா ஓட்டமாட்டாள், காரை விற்றுவிடுங்கள் என்று நீ போனில் தீர்ப்புச் சொன்னாய் அல்லவா, அதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதிக்கு என்னிடம் ஏழு மாதமாக லைசென்ஸ் இருக்கிறது. உன் அப்பா அதைப் பெருமையாக லேமினேட் செய்து அலமாரியில் வைத்தார், சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்தார். அடுத்த தடவை நீ ஓட்டு என்பார், அந்த அடுத்த தடவை எந்த ஊரில் தங்கிவிட்டதோ வரவேயில்லை. இந்த அழகில் திங்கட்கிழமை தரகர் வருகிறார் என்றதும் நான் அந்தச் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கார் போனால் நான் ஆயுசுக்கும் பஸ் நிறுத்தத்தில் நிற்க வேண்டியதுதான்.

அதற்கு முந்தின நாள், காருக்குப் பிரிவுபசாரம் மாதிரி கிராமத்துப் பக்கம் ஒரு நாள் சுற்றிவரலாம் என்றார் உன் அப்பா. திட்டமே போடாமல் சும்மா போங்கள் என்று நீதான் சொன்னாயாம். முப்பத்தோரு வருடம் பஸ் கம்பெனியில் கால அட்டவணை போட்ட மனிதர் சும்மா போவாரா? சும்மா போவதற்கும் ஓர் அட்டவணை போட்டார். அதில் 11.20 முதல் 11.35 வரை ‘எதிர்பாராத மகிழ்ச்சி’ என்று ஒரு வரி. அடியில் பயணி கையெழுத்து என்று எனக்கு ஒரு கோடு, நானும் போட்டுத் தொலைத்தேன். கண்ணாடி போட்டால் அவருக்குத் தாள் தெரியும், சாலை தெரியாது. கழற்றினால் சாலை தெரியும், தாள் தெரியாது. ஆகவே வாசிக்கும் உத்தியோகம் எனக்கு. இனி எழுதுவது நமக்குள் இருக்கட்டும். ஆறாவது வரியில் வலப்பக்கம் திரும்பவும் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நான் இடப்பக்கம் என்று வாசித்தேன். வலப்பக்கம் அணைக்கட்டு, நாற்பது நிமிடம் பார்த்தல், பத்து நிமிடம் வியத்தல். உடம்பு தாங்குமா சொல்.

இடப்பக்கம் போனால் மண் சாலை. சூரியகாந்தித் தோட்டத்து நடுவில் கோட்டும் டையும் கட்டிய சோளக்கொல்லைப் பொம்மை ஒன்று, அப்படியே அவருடைய பழைய மேனேஜர், உன் அப்பா தன்னையறியாமல் காலரைச் சரிசெய்துகொண்டார். அப்புறம் பன்னிரண்டு வாத்துகள் சாலையைக் கடந்தன, கடைசி வாத்து மட்டும் மூன்று முறை மனசை மாற்றிக்கொண்டது. நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அவரும் சிரித்தார், ஆனால் இதெல்லாம் பதினொன்று இருபதுக்கு முன்னாடியே நடக்கிறதே என்று அவருக்கு ஒரே விசாரம். பிறகு ஒரு வாய்க்கால் மதகைப் பார்க்க வேண்டுமென்று இறங்கினார். வாசலில் தண்ணீர் தேங்கினால் சுற்றிப்போகிற மனிதர், வாய்க்காலைத் தாண்டிக் குதித்தார். பாதி தாண்டினார். மணி பதினொன்று இருபத்திரண்டு, அட்டவணை பொய்க்கவில்லை.

எதிரே வந்த டிராக்டர்காரர்தான் தூக்கிவந்து பக்கத்து சீட்டில் உட்காரவைத்தார். யார் ஓட்டுவது என்று கேட்டார். உன் அப்பா வானத்தைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார், வேறு ஆள் யாரும் இல்லாததால் என்னைப் பார்த்தார். பல்லைப் பிடுங்கிக் கொடுக்கிற முகத்தோடு சாவியைக் கொடுத்தார். வண்டி இரண்டு தடவை நின்றது. “அக்கா, கிளச்சை மெதுவா விடுங்க, அதுவும் உங்க வீட்டுக்காரர் மாதிரிதான், சடக்குன்னு விட்டா மக்கர் பண்ணும்” என்றார் டிராக்டர்காரர். மூன்றாவது தடவை கிளம்பிவிட்டேன். முதல் பத்து கிலோமீட்டர் உன் அப்பா நல்ல காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். பிறகு கால் ஓய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அந்தக் கிளைச் சாலை எங்கே போகிறது என்றார். தெரியாது என்றேன். போய்த்தான் பாரேன் என்றார். அது ஒரு செங்கல் சூளையில் போய் முட்டி நின்றது. ரிவர்ஸ் எடுத்தேன், ஒரு செங்கல்கூட உடையவில்லை.

திங்கட்கிழமை தரகர் வந்தார், டயரை உதைத்தார், பெயிண்டைக் குறை சொன்னார், கடைசியாக என்ன முடிவு சார் என்றார். ஸ்டூலில் காலை நீட்டியிருந்த உன் அப்பா, “என்னைக் கேக்காதீங்க. ஓட்டுறவங்களைக் கேளுங்க. நான் கூடப் போற ஆளு” என்றார். ஓட்டுகிறவள் விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே மகளே, இணையத்தில் நீ போட்ட விளம்பரத்தை இன்றே எடுத்துவிடு, தினம் நாலு பேர் போன் செய்து தூக்கத்தைக் கெடுக்கிறார்கள். வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இருவரும் எல்லா நலமும் பெற்று நீண்ட காலம் நன்றாக இருங்கள்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
(வண்டி ஓட்டுபவள்)