நாலு ஸ்பீக்கரிலயும் கேட்ட செய்தி

நான் நிலோஜன், இருபத்திமூணு வயசு. பெரியகல்லாற்று வீட்டு வாசல்ல நிக்கிற நம்மட காருக்குள்ள இருந்து ஃபோனுக்குச் சொல்லி எழுதுறன். எயார்போட் வேன் வந்ததும் கட்டாருக்கு வேலைக்குப் போயிருவன்.

அப்பா, இந்த ஃபோன் காருக்குள்ளயே இருக்கட்டும், நான் பூட்டின புது ஸ்பீக்கர் செட்டோட இணைச்சிருக்கன். கோல் வந்தா ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில பச்சைப் பொத்தான அமத்துங்க, கையில எடுக்கத் தேவையில்ல.

அண்டைக்குக் கல்லடிப் பாலத்தில ஆஸ்பத்திரிக் கோல் வரக்குள்ள, அம்மா பின்சீட்டில நித்திரை எண்டு நினைச்சுத்தான் அமத்தினன். அம்மாட கட்டி பரவிட்டுது எண்டு டொக்டர் சொன்னது நாலு ஸ்பீக்கரிலயும் கேட்டுது. நாம ரெண்டு பேரும் ஒரு மாசமா அம்மாட்ட மறைச்ச நோய்.

"உன்ட சாமானால வந்த வினை" எண்டு நீங்க ஏசினீங்க. அம்மா மட்டும், "சத்தம் தெளிவாத்தான் இருக்கு மனே" எண்டாங்க. அதுக்குப் பிறகு என்னோட கதைக்கல்ல.

மீன்கறி மூடி வெச்சிருக்கன், சூடாக்குங்க.

வெள்ளிக்கிழம கிளினிக். அம்மாவ முன்சீட்டில இருத்துங்க. டொக்டர் எடுத்தா அவங்களே பேசட்டும்.

இன்னொண்டு. நான் பயந்துதான் மறைச்சன் அம்மா.

இத வாசிக்கிற ஆள் அப்பாவோ வேற ஆரோ, மனசுக்குள்ள வாசிக்காம, அம்மாவுக்குக் கேக்க வாசிங்க.