வடக்குச் சுவரில் புரூக்கைட்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஆய்வுக்கூடக் கூரை மறுபடி ஒழுகல். சல்லடைகளுக்கு மேல் பிளாஸ்டிக் விரித்தேன். சோதனைக்கு ஜல்லி மாதிரிகள் மூன்று, கல்தூள் ஒன்று.

பத்து மணிக்கு, பாறையில் துளை போடும் சேகரன் அண்ணன் வந்தார். ஹெல்மெட்டுக்குள் ஒரு கல்.

"குழியோட வடக்குச் சுவத்துல கெடந்துச்சு தங்கச்சி. எப்படி மின்னுது பாருங்க லா."

வெள்ளைப் படிகத்தின் மேல் பழுப்புத் தகடு ஒன்று. சுண்டுவிரல் நகத்தில் பாதி. விளக்கில் பிடித்தால் செம்பழுப்பு, ஓரம் கறுப்பு. நீளவாக்கில் மெல்லிய கோடுகள். கண் கூசும் பளபளப்பு. அமிலச் சொட்டு வைத்தேன், நுரைக்கவில்லை.

இந்தக் குவாரியில் பதினான்கு வருடம். இப்படி ஒன்று வந்ததே இல்லை.

"இன்னும் இருந்தா எடுத்துட்டு வாங்கண்ணே" என்றேன்.

நவம்பர் 7, வெள்ளி

வெயில் ஒரு மணி நேரம். பிறகு மழை.

கூடப் படித்த தெரேசா ஜொகூர் பாருவில் பல்கலைக்கழக வேலையில் இருக்கிறாள். கல்லைப் புதன்கிழமை அவளிடம் கொடுத்திருந்தேன். இன்று செய்தி: "புரூக்கைட். எங்கடி புடிச்ச?"

டைட்டானியம் டை ஆக்சைடு. வெள்ளைப் பெயிண்டில் போடுகிற அதே பொருள். மண்ணில் பெரும்பாலும் மூன்று உருவத்தில் கிடைக்கும்: ரூட்டைல், அனடேஸ், புரூக்கைட். அணுக்கள் அடுக்கிய விதம்தான் வேறு. மூன்றில் அரிது இதுதான். நன்றாகச் சூடேற்றினால் ரூட்டைலாக மாறிவிடும், பிறகு திரும்பாது. படித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. சந்தோஷம். சோறு இறங்கவில்லை.

சேகரன் அண்ணன் இன்னும் நான்கு கொண்டுவந்தார். சாப்பாட்டு நேரத்தில் போய் எடுத்தாராம். "நெறைய இருக்கு. ஒரு எடத்துல கைய விட்டா முழங்கை வரைக்கும் உள்ள போவுது."

சிரித்தேன். இப்போது எழுதும்போதுதான் அந்த முழங்கை உறுத்துகிறது.

நவம்பர் 10, திங்கள்

சனி, ஞாயிறு விடாத மழை. சிம்பாங் ரெங்கம் சாலையில் முழங்கால் தண்ணீர். தாமதம்.

அண்ணனோடு வடக்குச் சுவருக்குப் போனேன். பார்த்ததும் புரிந்தது.

புரூக்கைட் தகடாக வளர இடம் வேண்டும். முன்னொரு காலத்தில் பாறை பிளந்து, அதில் வெந்நீர் ஏறி, இரண்டு பக்கமும் படிகம் ஒட்டியிருக்கிறது. நடுவில் வெற்றிடம். அந்தப் பிளவு மேலிருந்து குழியை நோக்கிச் சரிந்து வருகிறது. முன்னால் நிற்கும் பாறை பின்னால் எதையும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. உள்ளே சோப்பு போல வழுக்கும் களிமண். தண்ணீர் கசிவு.

பிளவுக்குக் குறுக்கே மூன்று இடத்தில் சிமெண்ட் பூசித் தேதி எழுதினேன். பாறை நகர்ந்தால் சிமெண்ட் வெடிக்கும்.

"இனிமே இங்க வராதீங்கண்ணே."

"சரி தங்கச்சி. ஒண்ணு மட்டும் பெருசா இருக்கு, ரெண்டு விரல் அகலம். உங்களுக்கு எடுத்துத் தரலாம்னு இருந்தேன்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். "எங்க?" என்று கேட்டேன்.

நவம்பர் 12, புதன்

ஒரு பூச்சில் முடியளவு வெடிப்பு.

மேனேஜர் ஜெயராஜாவிடம் போனேன். போனைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"வாசுகி, நீங்க ஜல்லி டெஸ்ட் பண்ணுங்க. சுவத்த இஞ்சினியர் பார்த்துக்குவார்."

"எப்ப வருவார் சார்?"

"மாசக் கடைசி. மழைன்னா எல்லாச் சுவத்துலயும் தண்ணி வரும்."

கல் கிடைத்த விவரம், படங்கள் எல்லாம் சேர்த்து ஈமெயில் அனுப்பினேன். பதில் இல்லை. ஸ்டோரில் சிவப்பு நாடா தீர்ந்துவிட்டதாம். பழைய கயிற்றில் சாக்குத் துண்டுகள் முடிந்து நானே கட்டினேன். கையில் சிராய்ப்பு.

நவம்பர் 13, வியாழன்

காலை எட்டு: மூன்று பூச்சிலும் வெடிப்பு. ஒன்றில் காகிதம் நுழைகிறது. மேனேஜர் போனை எடுக்கவில்லை. இரண்டாவது ஈமெயில்.

பன்னிரண்டரைக்கு கேன்டீனில் சேகரன் அண்ணனின் சாப்பாட்டு டப்பா, திறக்காமல். லோரிக்காரரிடம் கேட்டேன். "வடக்குப் பக்கம் போனாரு."

ஓடினேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் மஞ்சள் சட்டை. கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்துக் கையை உயர்த்தினார். எடுத்துவிட்டேன் என்பதுபோல. பாறை முதலில் சத்தமில்லாமல் நகர்ந்தது. சத்தம் பிறகு.

நாலு மணிக்கு எடுத்தார்கள். உயிர் இல்லை.

நவம்பர் 15, சனி

சேகரன் அண்ணன் வீட்டில் உடல் எடுப்பு பதினோரு மணிக்கு. மழை நின்றிருந்தது. கூட்டம்.

அவர் மனைவி லெட்சுமி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாப்பாட்டு நேரத்துல அவருக்கு அங்க என்ன வேல தங்கச்சி? சோத்தக்கூட தொறக்கலயே."

அவர் கையை விடவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் மேனேஜர். "விசாரிக்க ஆபிசர் வருவார். சேகரன் கயித்த தாண்டிப் போனார், அத மட்டும் சொல்லுங்க. கல்லு விஷயம் எதுக்கு? உங்களுக்கும் நல்லதில்ல."

தூக்கம் இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

துணி துவைத்தேன். எதுவும் எழுத வரவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

ஜொகூர் பாருவிலிருந்து விசாரணை அதிகாரி. மலாய்க்காரர், என் வயது இருக்கும். தனியறை. சிமெண்ட் பூச்சின் படங்கள், இரண்டு ஈமெயில் கொடுத்தேன், மேனேஜர் சொன்னதையும் சொன்னேன். நிதானமாக எழுதிக்கொண்டார். பிறகு கேட்டார்: அவரை அங்கே போகச் சொன்னது யார்?

"நான்தான் கல் கேட்டேன்."

பேனா நின்றது. மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். வாசித்துக் காட்டினார், கையெழுத்துப் போட்டேன். வெளியே மேனேஜர் என்னைப் பார்க்கவில்லை. நாளை முதல் கூப்பிடும்வரை வரவேண்டாம் என்று கிளார்க் சொன்னார்.

மாலை 5.40. லெட்சுமி அக்கா வீட்டுக்கு எதிரே, காருக்குள். விசாரணை அறிக்கையில் படிப்பதற்கு முன் அக்கா என் வாயால் கேட்கட்டும். பத்து நிமிடமாக உட்கார்ந்திருக்கிறேன். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது. அக்கா, உங்க வீட்டுக்காரர் எனக்காகத்தான்

அக்கா வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார். என் காரைப் பார்த்து வருகிறார்.