பசலிக்குப் பொருள் சொன்னவனுக்கு

பொறுத்தது போதும், இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் ஆகாது. காலையில் எதையோ தேடும்போது பழைய நிலவரி ரசீது ஒன்று கையில் வந்தது. அதில் ‘பசலி’ என்ற சொல்லைப் பார்த்ததும் உன் சிரிப்புதான் கேட்டது. செத்து எட்டு மாதமாகியும் உனக்கு என்ன சிரிப்பு?

பள்ளிக்கூடத்தில் தமிழில் முதல் மதிப்பெண் எனக்கு. நீ தட்டுத்தடுமாறித் தேறியவன். நான் தமிழ்ப் பேராசிரியரானேன், நீ திருத்துறைப்பூண்டியில் தாலுகா ஆபீஸ் கிளார்க். ஒன்பதாவது படித்த என் மகளோடு வருமானச் சான்றிதழுக்கு உன் மேசை முன் வந்து நின்றேன். நான் நீட்டிய நிலவரி ரசீதை அவள் பக்கம் திருப்பினாய்.

“பாப்பா, பசலின்னா என்னம்மா?”

அவள் என்னைப் பார்த்தாள். “வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டு” என்றேன்.

“வாத்தியார் பரீட்சைக்குப் பதில் சொல்றாரு! அரபியில அது அறுவடைக் காலம்மா. பாரசீகத்துல கணக்கு எழுதுனவங்களோட நம்ம ஊருக்கு வந்துச்சு. அப்பாவோட வரி ரசீதுல அறுப்பு ஒளிஞ்சுக்கிட்டிருக்கு பாரு.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். என் பாடத்துக்கு ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. அதன் பிறகு ஞாயிறுதோறும் அவள் சைக்கிள் உன் வீட்டுக்குத்தான் போயிற்று.

“அப்பா, மிராசும் வாரிசும் ஒரே அரபி வேர்லேருந்து வந்ததாம். தெரியுமா?”

“தெரியும்.”

தெரியாது. அவள் அந்தப் பக்கம் போனதும் அகராதியைப் புரட்டினேன். நீ தவறாகச் சொல்லியிருக்கக் கூடாதா என்று எத்தனை முறை புரட்டினேன்! மொழியியல் படிக்க இடம் கிடைத்த அன்று அவள் முதலில் போன் செய்ததும் உனக்குத்தான்.

கடைசியாக நீ பேசியபோது குரல் தேய்ந்திருந்தது. “டேய், பாப்பா லீவுக்கு வந்திருக்காளாடா? ஒரு தடவ வந்துட்டுப் போகச் சொல்லேன்.”

“வரலடா, பரீட்சை” என்றேன். அவள் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் நீ போய்விட்டாய். “இவ்வளவு முடியலன்னு நமக்கு யாருமே சொல்லலையேப்பா” என்று அழுதாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. பொறாமை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இப்போது எந்தச் சொல்லைக் கண்டாலும் எங்கிருந்து வந்தாய் என்று கேட்கத் தோன்றுகிறது. வகுப்பிலும் கேட்கிறேன், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அதுவும் உன்னுடைய பழக்கம் என்பதுதான் எரிகிறது.

உறையின் மேல் அவளுடைய விடுதி முகவரியை எழுதிவிட்டேன். கடிதத்தின் கீழே ‘அப்பா’ என்று போடப் பேனாவைத் திறந்தேன். கை வரவில்லை. பெயரில்லாமலே தபாலில் போடப் போகிறேன்.