நடு வரிசை

செப்டம்பர் 15, ஞாயிறு

மாமா அறுத்தது: மூன்று மரம். நான் பிளந்தது: அரை மரம். உடைந்தது: இரண்டு நகம், ஒரு கோடரிப் பிடி. விறகு பிளப்பது வெட்டி வேலை என்று இனி யாராவது சொன்னால் மீதிப் பிடியால் பதில் சொல்வேன்.

அப்பா கீழ் அறையில், ஜன்னலோரக் கட்டிலில். ஆகஸ்டில் காய்ந்த மேப்பிள் கிளை ஒன்று அவர் முதுகில் விழுந்ததிலிருந்து அங்கேதான். முதுகெலும்பில் இரண்டு கம்பி. கிறிஸ்துமஸ் வரை தண்ணீர்க் கெட்டிலை விடக் கனமான எதையும் தூக்கக்கூடாதாம். தூக்கினால் கம்பி பிசகும். பிசகினால் மறுபடி நடப்பாரா என்பதற்கு டாக்டர் நேராகப் பதில் சொல்லவில்லை, சுவரைப் பார்த்தார்.

சுப்பீரியர் ஏரிக்கரைக் குளிரில் எங்கள் வீட்டைச் சூடாக்குவது விறகு மட்டும்தான். வசந்தத்தில் அப்பா சாய்த்துப் போட்ட மரங்கள் காட்டில் காய்ந்து கிடக்கின்றன. வெஸ் மாமா சனி ஞாயிறுகளில் வந்து துண்டு போட்டு வண்டியில் கொண்டுவந்து கொட்டுகிறார். பிளப்பதும் அடுக்குவதும் நான். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் இரட்டை முறை வேலை.

அப்பா ஜன்னலைத் திறந்து ஆணையிட்டார்: "வெண்லா, மூணு வரிசை. ஒட்டி ஒட்டி, உன் தலை உசரத்துக்கு. நவம்பர் பொறக்கறதுக்குள்ள."

"என் தலை உசரம்னா சீக்கிரம் முடிஞ்சிடும்பா."

"சரி, உன் மாமா தலை. முடியலன்னா நானே எந்திரிச்சு வருவேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவர் சிரித்துக்கொண்டே சொன்ன எதையும் இதுவரை செய்யாமல் விட்டதில்லை.

செப்டம்பர் 18, புதன்

உயிரியல் ஆசிரியர் நாற்காலி மெத்தைக்கடியில் அழுத்தினால் வாத்துபோல் கத்தும் ஊதலைச் செருகினேன். உட்கார்ந்தார். 'குவாக்'. வகுப்பே உருண்டது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கரும்பலகையில் இருந்த செல் படத்தின் கட்டங்களை விறகாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 28, சனி

மாமாவுக்கு லாரி ஓட்டம், இரண்டு வாரம் வரமாட்டார். இருந்த துண்டுகளைப் பிளந்து முடித்தேன். ஒரு வரிசை, அதுவும் இடுப்பு உயரம்.

கோடரியை வைத்துவிட்டு உள்ளே வந்தால் அப்பா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு காலில் பூட்ஸ். முகம் மாவு மாதிரி. இன்னொரு பூட்ஸ் தரையில், குனிந்து எடுக்க முடியாத தூரத்தில்.

"சும்மா காத்து வாங்கலாம்னு."

"ஒத்த கால்லயா?"

பூட்ஸைக் கழற்றி அவருக்கு எட்டாத மூலையில் வைத்தேன்.  அம்மாவிடம் சொல்லவா? சொன்னால் வேலையை விடுவாள். விட்டால்?

அந்தக் காற்று வாங்கலுக்குக் காரணம் ஜன்னல்தான். காலையிலிருந்து இருட்டும்வரை அந்த ஒற்றை வரிசையையே பார்த்துக்கொண்டு கிடக்கிறார்.

அக்டோபர் 6, ஞாயிறு

செய்துவிட்டேன்.

மூன்று வரிசையில் வெளியே தெரிவது இரண்டுதான். ஜன்னல் பக்கம் ஒன்று, ரோட்டுப் பக்கம் ஒன்று. நடுவில் இருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள்? இருந்த விறகையெல்லாம் மெல்லிசாகப் பிளந்து இரண்டு சுவர் எழுப்பினேன். நடுவில்: துருப்பிடித்த எண்ணெய்ப் பீப்பாய் மூன்று, துணி துவைக்கும் இயந்திரத்தின் உள்ளுருளை, டயர் நான்கு, நான் ஐந்து வயதில் மரத்தில் மோதி உடைத்த பனிச்சறுக்குப் பலகை. மேலே ஒரு அடுக்கு விறகு. அதற்கு மேல் தார்ப்பாய். ஓரங்களில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி அடைத்தேன். தொலைவிலிருந்து பார்த்தால் அஞ்சலட்டைப் படம்.

அப்பா ஜன்னல் வழியே நெடுநேரம் பார்த்தார். "ஒரே ஆளா? இவ்வளவா?" பிறகு தலையணையில் சாய்ந்து மத்தியானம் முழுக்கத் தூங்கினார். ஆகஸ்டுக்குப் பிறகு இப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை.

என் வாழ்நாளின் மிகச் சிறந்த குறும்பு இது. விறகை அடுக்கிவிட்டேன். ஆனால் இது அடுக்குமா?

பயம் வேண்டாம். மாமா வந்ததும் மெதுவாக நடுவை நிரப்பிவிடலாம். யாருக்கும் தெரியாது.

அக்டோபர் 12, சனி

மாமா வந்தார், காலை மட்டும். விறகுக்கு நேரமில்லை, மான் வேட்டைக் காலம் பிறக்க ஐந்து வாரம்தான், துப்பாக்கி தேர்ந்தெடுக்க வேண்டுமாம். இந்த வருஷம் எங்கள் வீட்டில் அனுமதிச் சீட்டு இருப்பது எனக்கும் அம்மாவுக்கும். அப்பா வருஷா வருஷம் அடிக்கும் மான் இல்லாமல் உறைபெட்டியில் பனிக்கட்டிதான் இருக்கும்.

சமையல் மேசையில் மூன்று. மாமாவின் மேக்னம். யானையையே சாய்க்கும். அப்பாவின் நடுத்தர ரகம். அம்மா என் வயதில் வைத்திருந்த சிறிய குழல், பிடியில் எலி கடித்த தழும்பு.

"அந்தக் கொசு மட்டை எதுக்கு?" என்றேன்.

அடுப்பில் பேஸ்டி என்ற இறைச்சி அப்பத்தை வைத்துக்கொண்டிருந்த அம்மா திரும்பவேயில்லை. "அந்தக் கொசு மட்டையால அடிச்சத நீ பதினஞ்சு வருசமா தின்னுட்டிருக்க."

"ஆளு கட்டை. துப்பாக்கியாவது நெட்டையா இருக்கட்டுமே" என்று மேக்னத்தைத் தூக்கினேன். மாமா விசிலடித்தார். அப்பா உள்ளே இருந்து, "அவ தோளு தாங்குமா வெஸ்?"

தாங்கும் என்று நான்தான் கத்தினேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

நடு வரிசைக்குச் சேர்த்தது: பூஜ்யம். மழை.

அக்டோபர் 19, சனி

சரளைக் குழியில் சுட்டுப் பழகினோம். முதல் குண்டு தாளில் படவில்லை. இரண்டாவது தாள் ஒட்டிய பலகையிலேயே படவில்லை. மூன்றாவது பலகை இருக்கும் ஊரிலாவது பட்டதா என்று தெரியாது. தோளில் குதிரை உதைத்த மாதிரி ஊதாப் பூ.

"தொலைநோக்கி கோணலா இருக்கு மாமா."

"குடு பாப்போம்." வாங்கி, எனக்கு முதுகு காட்டி என்னவோ செய்து, திருப்பிக் கொடுத்தார். "இப்ப சுடு."

குறி பார்த்தேன். இழுத்தேன். 'டிக்.' அவ்வளவுதான், வெடிக்கவில்லை. ஆனால் குழலின் மூக்கு கோழி கொத்துவதுபோல் சட்டென்று கீழே குனிந்து எழுந்தது. நான் கண்ணையும் மூடியிருந்தேன்.

காலி ரவை. மருந்தில்லாத வெற்றுத் தோட்டாவைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஊரையே ஏமாற்றுகிறவளுக்கு ஒரு பித்தளைக் கூடு போதுமானதாக இருந்தது.

மாமா சிரிக்கவில்லை. அதுதான் மோசம். "தொலைநோக்கி நேராத்தான் இருக்கு. உதைக்குமேன்னு நீ முன்னாடியே குனியற. முழுசா தப்பினா பரவால்லடி. பாதி பட்டு, குடல் தொங்க அது சதுப்புக்குள்ள ஓடி, மூணு நாள் கெடந்து சாகும். அத தேடிப் போயிருக்கியா நீ?"

"இல்ல."

"நான் போயிருக்கேன்."

வீட்டில் அப்பா கேட்டதற்கு நன்றாகச் சுட்டேன் என்றேன். மாமா காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காட்டிக்கொடுக்கவில்லை.

இப்போது என்னிடம் இரண்டு பொய்.

அக்டோபர் 26, சனி

இதை எப்படி எழுதுவது.

காலையில் ரோட்டில் ஏழு வண்டிகள் வரிசையாக வந்தன. ரம்பங்கள், விறகு பிளக்கும் இயந்திரம், பின்னால் இழுவைப் பெட்டிகளில் மலை மலையாக மேப்பிள். மாதா கோயில் விறகுக் கூட்டம். எவர் வீட்டில் அடிபட்டாலும், எவர் வீட்டில் சாவு என்றாலும், பனிக்கு முன் ஒரு சனிக்கிழமை வந்து குளிர்காலத்தையே இறக்கிவிட்டுப் போவார்கள். யாரும் கேட்பதில்லை, கேட்பது இங்கே வழக்கமில்லை. ரோட்டிலிருந்து விறகடுக்கைப் பார்ப்பார்கள், அவர்களே முடிவு செய்வார்கள்.

வண்டிகள் எங்கள் வீட்டு முன் மெதுவாயின. கூட்டத்தை நடத்தும் மார்லிஸ் லாம்பி கண்ணாடியை இறக்கினார். என் இரண்டு சுவரையும் தார்ப்பாயையும் பார்த்தார்.

"டேலோட பொண்ணே, நீ மட்டுமா அடுக்கினது?"

"ஆமாங்க."

"கெட்டிக்காரி. உங்க வீட்டுக்குத்தான் கிளம்பினோம். உங்களுக்கு வேணாம் போலிருக்கே. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஓயாலா அம்மா வீட்டுக்குப் போயிடறோம், அங்க ஒண்ணுமே இல்ல."

வாயைத் திறந்தேன். ஏழு வண்டி ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலில் அப்பா பெருமையாகக் கை உயர்த்தினார்.

"நன்றிங்க" என்று வந்தது வாயிலிருந்து.

வண்டிகள் போய்விட்டன.

அக்டோபர் 27, ஞாயிறு

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருக்கும் விறகு ஜனவரி நடு வரைக்கும். ஏப்ரல் வரை எரிக்க வேண்டும். நவம்பர் பதினைந்துக்குப் பிறகு ஊரில் ஆண்கள் யாரும் வீட்டில் இருக்கமாட்டார்கள், எல்லோரும் மான் வேட்டை முகாமில். அவர்கள் திரும்புவதற்குள் காட்டுப் பாதையைப் பனி மூடிவிடும். மாமாவால் வர முடிவது இன்னும் ஒரே ஒரு நாள்.

என்ன செய்ய? மார்லிஸிடம் போய், நான் ஏமாற்றினேன் என்றா? அவருக்குச் சொந்தம் இல்லாத வீடு இந்த ஊரில் இல்லை, பொழுது சாய்வதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அப்பாவைப் பார்த்து எல்லோரும் என்ன சொல்வார்கள்?

நவம்பர் 2, சனி

முதல் பனி. சுப்பீரியர் ஏரியிலிருந்து பக்கவாட்டில் வீசியது. அடுப்புக்கு எடுக்கும் ஒவ்வொரு கட்டையும் சுவரிலிருந்துதான். பல் பிடுங்குவதுபோல் மெதுவாக எடுக்கிறேன். ஓட்டை தெரியாமல் பக்கத்திலிருப்பதை இழுத்து மூடுகிறேன்.

இரவுச் சாப்பாட்டைத் தட்டோடு திருப்பி வைத்தேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நவம்பர் 8, வெள்ளி

அப்பா இன்று நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போனார். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். "அடுத்த வாரம் நீயும் அம்மாவும் காட்டுல இருப்பீங்க. ஒவ்வொரு கட்டையா நானே எடுத்துக்கறேன். ஒரு கட்டை கெட்டில விட கனமில்ல."

அவர் போய் நடுவில் கை வைத்தால் மொத்தச் சுவரும் அவர்மேல்.

அவரை எழவிடாமல் செய்யத்தானே கட்டினேன்? இப்போது அதுவே –

நவம்பர் 9, சனி

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு வெளியே போனேன். அப்பா ஜன்னலில் இருக்கிறார் என்று உறுதி செய்துகொண்டேன். ரோட்டுப் பக்கச் சுவரின் ஓரக் கட்டை ஒன்றை உருவிவிட்டுத் தள்ளி நின்றேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம், சுவர் முழுவதும் பனியில் உட்கார்ந்தது. ஜன்னல் பக்கத்தையும் அப்படியே. நடுவில் பீப்பாய்கள், டயர்கள், துவைக்கும் உருளை. எல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன.

உள்ளே போனேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை.

"எப்பலேர்ந்து?"

"நீங்க ஒத்த பூட்ஸோட இருந்தீங்கல்ல. அதுக்கு அடுத்த வாரம்."

"மார்லிஸ் வந்தப்ப?"

"அப்பவும் இப்படித்தான்."

 குரல் உயரவில்லை. "படுத்துக் கெடக்கறவனுக்கு இந்த ஜன்னல்தான் கண்ணு வெண்லா. நீ அதுல ஒரு படத்த ஒட்டிட்ட."

  மான் பற்றியும் சொல்லிவிட்டேன்: மேக்னம் எனக்குப் பயம், கண்ணை மூடிக்கொள்கிறேன், நன்றாகச் சுடவில்லை. மூக்கு ஒழுக ஒழுகச் சொன்னேன்.

அவர் கையை நீட்டினார். என்னை நோக்கி என்று நினைத்தேன். தொலைபேசிக்கு.

என் அப்பா, பாதி ராத்திரியில் வண்டி பனியில் சிக்கினாலும் விடியும்வரை தனியாகத் தோண்டுகிறவர், எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். "மார்லிஸா? டேல் பேசறேன்." நிறுத்தினார். காது வரை சிவந்திருந்தது. "எங்களுக்கு வெறகு பத்தாது. ஆளுங்கள அனுப்ப முடியுமா?"

அவ்வளவுதான். வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

மானும் போய் மானமும் போயிற்று என்று எழுத வந்தது. வேண்டாம். போனது அவருடைய மானம்.

நவம்பர் 10, ஞாயிறு

கோயில் முடிந்ததும் நேராக வந்தார்கள். முகாமுக்குச் சாமான் கட்ட வைத்திருந்த நாள் அது அவர்களுக்கு. ஒன்பது வண்டி. மார்லிஸ் பீப்பாயில் விரலால் தட்டினார். 'டொய்ங்.'

"இது என்ன மரம்டி? எங்க காட்டுல கிடைக்கலயே."

"அவசர மரங்க. ரெண்டு மணி நேரத்துல வளரும்."

"வாயி மட்டும் நல்லா காஞ்சிருக்கு, உடனே பத்திக்குது. கோடரிய எடு."

ஓயாலா அம்மாவும் வந்தார், எண்பத்திரண்டு வயது, கையில் காப்பிப் பாத்திரம். அவர் பேரன் வண்டியில் அவர் வீட்டு விறகில் கால்வாசி. "எனக்கு ஒரு ரூமு. இவ்வளவு எதுக்கு" என்றார். அழுகை வந்தது. புகை என்றேன். அங்கே தீயே இல்லை.

நவம்பர் 14, வியாழன்

அம்மாவின் கொசு மட்டையால் ஐந்து குண்டு. ஐந்தும் காப்பித் தட்டு அளவுக்குள். நடுவில் மாமா மறுபடி காலி ரவை போட்டார். 'டிக்.' குழல் அசையவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

பள்ளி விடுமுறை, வழக்கம்போல் மான்களின் தயவில். செடர் மரத்தடியில் அம்மாவும் நானும், ஆரஞ்சு மேலாடையில் இரண்டு பூசணிக்காய்கள். முதலில் வந்த மான் புதருக்குள் பாதி மறைந்து நின்றது. விட்டுவிட்டேன். அம்மா என் முழங்காலை ஒருமுறை அழுத்தினாள்.

இரண்டாவது பத்து மணிக்கு. சிறிய கொம்பு. பக்கவாட்டில், திறந்த வெளியில், அறுபது அடி.

கண் திறந்திருந்தது. அதனால் முழுவதையும் பார்த்தேன். அது குதித்ததை, இருபது அடி ஓடியதை, முன்கால் மடிந்ததை. கண்ணைத் திறந்து வைப்பதென்றால் இதையும் பார்ப்பது என்று யாரும் சொல்லவில்லை. அது அடங்கும்வரை அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "கை நடுங்குதா?" என்றாள். ஆமாம் என்றேன். "நடுங்கட்டும்."

நவம்பர் 24, ஞாயிறு

என் பிறந்தநாள். மாமாவின் பொட்டலம். பிரித்தால் பெட்டி, உள்ளே பெட்டி, உள்ளே பெட்டி, கடைசியில் ஒரு காலி ரவை. இந்த வீட்டில் குறும்பு பரம்பரை நோய்.

டிசம்பர் 22, ஞாயிறு

டாக்டர் கைத்தடிக்கு மாறச் சொல்லிவிட்டார். அப்பா தடியூன்றி விறகடுக்குவரை தானே நடந்தார். நான் பின்னால், விழுந்தால் பிடிக்க. அவர் தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி ஒவ்வொரு வரிசையாக விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். அந்தப் படத்தைப் பற்றி அன்றைக்குப் பிறகு அவர் பேசவில்லை. இன்றும் பேசவில்லை.

நடு வரிசையின் முனையில் நின்றார்.

"இங்கேர்ந்து ஒண்ணு எடு."

எடுத்தேன். அந்த ஓட்டைக்குள் குனிந்து பார்த்தார். அதன் பின்னால் இன்னொரு கட்டை இருந்தது.

"குடு" என்று நான் எடுத்ததை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, வீட்டுக்குத் திரும்பினார்.