திறக்காமல் விட்ட பச்சைப் பெட்டி

என் உயிரான சரசக்கா,

ஒவ்வொரு வருஷமும் உன் நினைவு நாளுக்குப் பத்திரிகையில் உன் கல்யாணப் படத்தைப் போட்டு, அடியில் நான்கு வரி எழுதிக் கொடுப்பார் அத்தான். இந்த வருஷம் நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். என்ன எழுதப் போகிறேன் என்று அவர் கேட்கவில்லை. படித்தபின் என் முகத்தில் விழிப்பாரோ என்னவோ.

உன் மகள் மலர் இப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. ஷா ஆலமில் தொழிற்சாலை வேலை, தங்கமான புருஷன். போன வாரம் செராஸுக்கு, என் வீட்டுக்கு வந்தாள். உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். வீங்கிய பாதத்தில் வார் பதிந்த இடம் பள்ளமாகவே நின்றது. அந்தக் கால்களை நான் முன்பே பார்த்திருக்கிறேன், அக்கா.

பையிலிருந்து கிளினிக் கார்டை எடுத்து நீட்டினாள். மேலே மஞ்சள் ஸ்டிக்கர். ஆபத்து உண்டு, ஆஸ்பத்திரி டாக்டர் பார்க்க வேண்டும் என்பதற்கான அடையாளம்.

"சித்தி, இத உங்க பீரோவுல வச்சுப் பூட்டிருங்க. அவரு பாத்தா ஆஸ்பத்திரின்னு ஒத்தக் கால்ல நிப்பாரு. நான் போகமாட்டேன் லா. கிள்ளான்ல ஒரு மிட்வைஃப் அக்கா இருக்காங்க, வீட்டுக்கே வருவாங்களாம்."

"ஏன்டி இப்படி?"

"அம்மா என்னை வீட்டுல நல்லபடியாத்தானே பெத்தாங்க? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனதுலதானே போய்ட்டாங்க? நீங்கதானே சொன்னீங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க சித்தி."

ஆமாம், நான்தான் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து மறைத்து அவளுக்கு ஊட்டி வளர்த்திருக்கிறேன். சத்தியமும் செய்தேன், கார்டையும் வாங்கி வைத்தேன். எத்தனை வயதானாலும் புத்தி வரவில்லை பார்.

உனக்கு நினைவிருக்கிறதா? பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ். உன் கார்டில் ஸ்டிக்கர் எதுவும் இல்லை. கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி சிவப்பு மையில் எழுதியிருந்தாள். பிரஷர் அதிகம், ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் என்று. உன் தலைப்பிள்ளை ஆஸ்பத்திரியில் உயிரில்லாமல் பிறந்தது. முகத்தைக்கூடக் காட்டாமல் துணியில் சுற்றி எடுத்துப் போனார்களாம். "மறுபடியும் வெறுங்கையோட என்னால வர முடியாது கமலா" என்று நீ அழுதாய். கார்டை யாருக்கும் காட்டமாட்டேன் என்று உன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினாய். எனக்கு அப்போது பதினேழு வயது. நீ சொன்னால் அது வேதம். கார்டைப் பச்சைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைப் பாவாடை நாடாவில் முடிந்துகொண்டேன்.

மருத்துவச்சி தெய்வானை அக்கா காலையிலேயே சைக்கிளில் வந்துவிட்டார். கார்டைப் பார்க்காமல் பையைக் கீழே வைக்காதவர். நீ கூசாமல் சொன்னாய்: "பஸ்ல விட்டுட்டேன்க்கா. எல்லாம் நல்லாருக்குன்னுதான் எழுதியிருந்துச்சு."

அவர் உன் கால்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நிஜமா பாப்பா?"

தலையாட்டினேன். அவர் பையைக் கீழே வைத்தார்.

உச்சிப் பொழுதாகியும் பிள்ளை இறங்கவில்லை. தலை பிளக்கிறது, கண்ணுக்கு முன்னால் என்னமோ மின்னுகிறது என்றாய். வலி எடுத்தவள் இருக்கும் வீட்டில் பூட்டினதும் முடிச்சுப் போட்டதும் இருக்கக் கூடாது என்பார்களே. "எல்லாத்தையும் தொறந்து விடு, முடிச்செல்லாம் அவுத்து விடு" என்றார் தெய்வானை அக்கா. ஓடினேன். அலமாரி, அரிசி டின், ஊறுகாய் ஜாடி, கொடிக் கயிறு, என் பின்னல்கூட.

"எல்லாம் தொறந்தாச்சா?"

"ஆச்சுக்கா."

பச்சைப் பெட்டி உன் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். ஏன் சிரித்தாய்? சத்தியத்தைக் காப்பாற்றினேன் என்றா? அந்தச் சிரிப்பு இன்றுவரை என்னை விடவில்லை.

பொழுது சாய்வதற்குள் மலர் பிறந்தாள். வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாய். அந்த மட்டுக்கு உன் கை வெறுங்கையாக இல்லை. அடுத்த நிமிஷம் உனக்கு வலிப்பு வந்தது. நாடா முடிச்சு இறுகிப் போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தேன். கார்டைப் படித்த தெய்வானை அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"இதக் காலையில காட்டியிருந்தா இந்நேரம் இவ ஆஸ்பத்திரியில இருப்பாளேடி, பாவி!"

டாக்சி ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் நீ போய்விட்டாய்.

இழவுக்கு வந்த பெண்கள் எங்கேயோ ஒரு பூட்டைத் திறக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். பிறகு பழியை மருத்துவச்சி தலையில் கட்டினார்கள். அவர் கார்டைக் காட்டித் தப்பித்திருக்கலாம். "சின்னப் பொண்ணு, உன்னால இதச் சொமக்க முடியாது" என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அதன்பின் அந்தக் குவார்ட்டர்ஸில் யாரும் அவரைப் பிரசவத்துக்குக் கூப்பிடவில்லை. நான் வாய் திறக்கவில்லை. அவரும் இப்போது இல்லை. அவருடைய பிள்ளைகள் இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்: உங்கள் அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை. பொய் சொன்னது நாங்கள்.

நாளை மலரைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றுதான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். இந்த வரிக்கு வருவதற்குள் போன் அடித்தது. மலர்தான்.

"சித்தி, காலையிலேர்ந்து ஒரே தலைவலி. கண்ணுல என்னமோ மின்னுற மாதிரி இருக்கு. மாத்திரை போட்டுப் படுக்கவா?"

போனை உன் புருஷனிடம் கொடு என்றேன். மருமகனிடம் மஞ்சள் ஸ்டிக்கரையும் சொன்னேன், உன் கார்டையும் சொன்னேன். மாத்திரை வேண்டாம், இந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்றேன். பின்னாலிருந்து அவள் கத்தியது கேட்டது: "சத்தியம் பண்ணீங்களே சித்தி!"

வாசலில் டாக்சிக்காக நின்றபடி இதை முடிக்கிறேன். என் பையில் இரண்டு கார்டுகள் இருக்கின்றன, உன்னுடையதும் அவளுடையதும். அவள் என்னோடு இனி பேசாவிட்டாலும் சரி. இரண்டையும் டாக்டர் மேஜையில் வைத்துவிட்டு, அவள் கண் திறந்து என்னைத் திட்டும்வரை ஆஸ்பத்திரி வாசலை விட்டு நகரமாட்டேன். இதுதான் நான் உனக்குச் செய்யும் கடைசிச் சத்தியம்.

நீ சொன்னதைக் கேட்டு உன்னை இழந்த தங்கை,
கமலா